பண்ருட்டி முந்திரி யூனிட் சாஃப்ட்வேர்: ஒரே ரேட், ஒரே தேதி. அஜைலா, வாட்டர்ஃபாலா?

லாஸ்பேட்டை_5பேர்:

வணக்கம். லாஸ்பேட்டையில டெஸ்டரையும் சேர்த்து 5 பேர் டீம். பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரி யூனிட்டுக்கு முழு சாஃப்ட்வேர் கேட்டிருக்காங்க. கொட்டை கொள்முதல் (விவசாயி, கமிஷன் ஏஜென்ட் ரெண்டு வழியிலயும்), களத்துல காயப்போட்டு குடோனுக்கு வர்ற மூட்டைக் கணக்கு, உடைப்பு, வீட்டுக்குக் கொடுத்து வாங்குற தோல் உரிப்பு, அதுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை கூலி, தரம் பிரிச்ச பருப்பு ஸ்டாக், டின், பில். இதுபோக 3 எடை மெஷினை நேரா கம்ப்யூட்டர்ல கோக்கணும்.

ஓனர் சொல்றது வாட்டர்ஃபால், அதாவது முதல்லயே முழுசா எழுதிட்டு வரிசையாச் செஞ்சு முடிக்கிற முறை: “எல்லாத்தையும் எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போடுறேன். ஒரே ரேட். பிப்ரவரி கடைசியில ஓடணும், மார்ச்ல புதுக் கொட்டை வர ஆரம்பிச்சிடும்.” டீம்ல ரெண்டு பேர் அஜைல்ல ஒரு வகையான ஸ்க்ரம்தான் சரி, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா காட்டித் திருத்திக்கிட்டே போகலாம்ங்கிறாங்க. செப்டம்பர் முதல் வாரம் தொடங்குறதா இருக்கு.

இதுக்கு எது சரி? அஜைல்னா ஒரே ரேட்டை எதை வச்சு சொல்றது? எடை மெஷின் மாதிரி சாமான் உள்ள வேலைக்கு ஸ்பிரிண்ட் (அந்த ரெண்டு வாரத் துண்டு) எப்படிப் போடுறது?

“ரெண்டுமே நல்லதுதான், சூழ்நிலையைப் பொறுத்தது”ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது தேடினாலே கிடைக்குது.


தட்டாஞ்சாவடி_பிஎம்:

மொத்த வேலைக்கும் ஒரே முறைன்னு முடிவு பண்றப்பவே தப்பு ஆரம்பிச்சிடுது. வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் ரெண்டு கேள்வி கேளுங்க. இது எப்படி இருக்கணும்னு இன்னைக்கே யாருக்காவது தெளிவாத் தெரியுமா? முடிச்ச பிறகு மாத்தினா எவ்வளவு செலவு?

எடை மெஷினை எடுங்க. என்ன வேணும்னு தெரியும், வாங்கின பிறகு மாத்தினா கையைக் கடிக்கும். எழுதி, கையெழுத்து வாங்கி, முதல் மாசமே ஆர்டர் போட்டுடணும். அது சுத்தமான வாட்டர்ஃபால், அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. பில், ஜிஎஸ்டி எப்படி இருக்கணும்னு சட்டமே சொல்லிடுது. வரி விகிதத்தை புரோகிராம் கோடுக்குள்ள புதைக்காம, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவுன்னு ஒரு டேபிள்ல வச்சிட்டா மாத்துறதும் சுலபம். அதை எப்ப செஞ்சாலும் ஒண்ணுதான்.

உரிப்புக் கூலிதான் விஷயம். ஓனரைக் கேட்டா “கிலோவுக்கு இவ்வளவு”ன்னு ஒரே வரி. எஸ்ஆர்எஸ்ல (என்னென்ன வேணும்னு எழுதிக் கையெழுத்து வாங்குற ஆவணம்) அந்த ஒரு வரிதான் ஏறும், அதுக்குத்தான் கையெழுத்தும் விழும். தராசுகிட்ட நிக்கிற மேஸ்திரிகிட்ட போய் நில்லுங்க. 10 கிலோ தோலோட பருப்பு ஒரு அம்மா வீட்டுக்குப் போகுது. திரும்பி வர்றது 9.300னு வச்சுக்குங்க. மீதி 700 கிராம்ல தோல் எவ்வளவு, காஞ்ச ஈரம் எவ்வளவு, குறைவுன்னு எழுதுறது எவ்வளவு? தோலையும் எடை போட்டுத் திருப்பித் தரணுமா? வந்த பருப்புல முழுசு, ரெண்டாப் பிளந்தது, குருணை மூணுக்கும் ஒரே கூலியா? போன வாரம் திரும்பாம நின்ன 2 கிலோ இந்த வாரச் சீட்டுல வருமா? அக்கா பேர்ல எடுத்துட்டுப் போனதைத் தங்கச்சி கொண்டுவந்தா யார் கணக்கு? முன்பணத்தை முழுசாப் பிடிக்கிறதா, பாதி பாதியாவா?

இது எங்கயும் எழுதி இருக்காது. மேஸ்திரி தலைக்குள்ள இருக்கும், சும்மா கேட்டா அவருக்கே ஞாபகம் வராது. தப்பான ஸ்கிரீனைக் கண்ணுக்கு முன்னாடி வச்சாத்தான் “இல்லையே தம்பி, இப்படி இல்லையே”ன்னு வாய் திறப்பார். அந்த “இல்லையே தம்பி” அக்டோபர்ல வந்தா 2 நாள் வேலை. பிப்ரவரியில வந்தா டேபிள், ரிப்போர்ட், ஏத்தி வச்ச டேட்டா எல்லாத்தையும் பிரிச்சுப் போடணும். அஜைல்ல காசு மிச்சமாகுற இடம் அது ஒண்ணுதான். மத்ததுல பாதி சடங்கு.

நாள் கணக்கு பாருங்க. செப்டம்பர் முதல் வாரத்துல இருந்து பிப்ரவரி கடைசி வரை 25 வாரம். ரெண்டு வார ஸ்பிரிண்ட் 12, ஒரு வாரம் கையிருப்பு. கடைசி 2 ஸ்பிரிண்ட் பழைய நோட்டோட சேர்த்து ஓட்டிப் பார்க்க. ஆக கோடு எழுத 10. தீபாவளி, பொங்கல் வாரத்துல பாதி ஆள் ஊருக்குப் போயிடும், அதுல ஒரு வாரம் போச்சு. மழையையும் மறக்காதீங்க. தானே புயல் 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30. ரெண்டும் நம்ம கரையிலதான் ஏறுச்சு, தானே பண்ருட்டி முந்திரித் தோப்பையே சாய்ச்சிட்டுப் போச்சு. அதனால இடத்துக்குப் போய்ச் செய்யுற வேலையை, வயரிங், தராசு பொருத்துறது, மேஸ்திரிக்குப் பழக்கிவிடுறது எல்லாத்தையும், அக்டோபர் பாதிக்குள்ளயோ ஜனவரியிலயோ வைங்க. நவம்பர், டிசம்பர் ஆபீஸ்ல உக்காந்து எழுதுற மாசம்.

முதல் ஸ்பிரிண்ட்ல லாகின், மாஸ்டர் என்ட்ரின்னு தொடங்காதீங்க. ஒரே ஒரு 80 கிலோ மூட்டை. தராசுல ஏறி, எடை ஸ்கிரீனுக்கு வந்து, சேவ் ஆகி, சீட்டா பிரிண்ட் ஆகி, ஏஜென்ட் கைக்குப் போகணும். அசிங்கமா இருந்தாலும் பரவாயில்ல, அவங்க கம்ப்யூட்டர்லயே ஓடணும். பிரிண்டர் டிரைவர், பழைய விண்டோஸ், ஆண்டிவைரஸ் தடுக்கிறது, நெட் இல்லாதது எல்லாம் அன்னைக்கே வெளிய வந்துடும்.


முத்தியால்பேட்டை_ஒப்பந்தம்:

விலை பற்றிய கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம், டீமுக்குள் வாக்குவாதம் வந்தால் உதவும். வாட்டர்ஃபாலைக் கண்டுபிடித்தவர் என்று எல்லோரும் கைகாட்டும் வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையில் அந்தப் பெயரே கிடையாது. படிப்படியாக இறங்கும் படத்தைப் போட்டுவிட்டு, இதை இப்படியே செய்தால் ஆபத்து, சோதனை கடைசியில் வருவதால் தோல்வியை வரவழைக்கும் என்றுதான் அவர் எழுதினார். புதுவகை வேலை என்றால் ஒருமுறை ஒத்திகையாகச் செய்து பார்த்துவிட்டு, இரண்டாவது வடிவத்தை வாடிக்கையாளரிடம் கொடுங்கள் என்றும் சொன்னார். அந்தப் பக்கமும் இதே கதைதான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில் ஆவணம் வேண்டாம் என்று ஒரு வரி கிடையாது. ஓடும் சாஃப்ட்வேருக்கு ஆவணத்தைவிட அதிக மதிப்பு, ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்பதே அதில் உள்ளது.

இப்போது ரேட். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு மராமத்தைப் பார்த்திருப்பீர்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்தத் தேதியை எந்தப் படகுக்காரரும் நகர்த்த முடியாது, கையில் இருக்கும் பணமும் அவ்வளவுதான். அடிப்பலகை, இன்ஜின், கியர் முதலில். வீல்ஹவுஸ் பெயின்ட் கடைசியில். ஜூன் 10ஆம் தேதி நாள் போதவில்லை என்றால் பெயின்ட் நிற்கும், இன்ஜின் நிற்காது. உங்கள் ஓனருக்கு அஜைல் என்ற சொல்லையே சொல்ல வேண்டாம், இதைச் சொல்லுங்கள். பணம் கெட்டி, தேதி கெட்டி, பட்டியலின் வால் மட்டும் நெகிழும்.

ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதல் 2 வாரம் தனி, சிறு தொகை. மேலே சொன்ன ஒரு மூட்டை ஸ்பிரிண்டை இதற்குள்ளேயே வைத்துவிடலாம். முடிவில் ஓனர் கையில் இருக்க வேண்டியது, என்னென்ன வசதிகள் என்ற பட்டியல், ஒவ்வொன்றின் அளவு, மொத்த ரேட். பிடிக்கவில்லை என்றால் அத்தோடு அவர் விலகிக்கொள்ளலாம், பட்டியல் அவருக்கே சொந்தம். பார்க்காத வேலைக்கு மொத்த ரேட் சொல்வதைவிட இது இருவருக்கும் பாதுகாப்பு.

பட்டியலை மூன்று குவியலாக்குங்கள். இது இல்லாமல் மார்ச்சில் கதவே திறக்க முடியாது, சீசனுக்குள் வேண்டும், இருந்தால் நல்லது. டிஎஸ்டிஎம் என்ற அஜைல் முறையில் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: முதல் குவியல் மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தேதியைக் காப்பாற்றக் கையில் எதுவும் இருக்காது. ஓனர் எல்லாவற்றையும் முதல் குவியலில்தான் போடச் சொல்வார். அப்போது ‘வேண்டுமா வேண்டாமா’ என்று கேட்காமல், ‘மார்ச் முதல் சனிக்கிழமை இது இல்லை என்றால் அன்றைக்கு எப்படிச் சமாளிப்பீர்கள்’ என்று கேளுங்கள். ‘நோட்டில் எழுதிக்கொள்வோம்’ என்று பதில் வந்தால் அது இரண்டாம் குவியல்.

பணத்தைத் தேதியோடும் கட்டாதீர்கள், ஆவணத்தோடும் கட்டாதீர்கள். யூனிட்டில் ஓடுவதோடு கட்டுங்கள். உதாரணத்துக்கு, முன்பணம் 15 சதவீதம். தராசும் கொள்முதலும் ஓடினால் 20. உரிப்பும் கூலியும் 25. ஸ்டாக், டின், பில் 20. சேர்த்து ஓட்டிப் பார்ப்பது முடிந்தால் 10. மார்ச் ஒரு மாதம் தடங்கலின்றி ஓடியபின் மீதி 10. எஸ்ஆர்எஸ் கையெழுத்துக்கு 30 சதவீதம் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அப்படி எழுதினால் 80 பக்கம் அழகாக வரும், தராசுப் பக்கமே போகாத ஒருவர் அதில் கையெழுத்துப் போடுவார், பணமும் வரும். தகராறு பிப்ரவரியில் வரும்.

மாற்று விதி ஒன்று கட்டாயம். புதிதாக ஒன்று கேட்டால், இன்னும் தொடங்காத அதே அளவு வேலை ஒன்றை எடுத்துவிட்டு இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். எடுக்க மனமில்லை என்றால் தனி ரேட், தனித் தேதி. காட்டியபின் 7 வேலை நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்ற வரியும் வேண்டும். ‘மற்றும் தேவைப்படும் இதர ரிப்போர்ட்டுகள்’ என்ற வரியை மட்டும் உயிர் போனாலும் ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள். 12 ரிப்போர்ட் என்றால் 12 பெயர்.


சிப்காட்_இன்ஸ்ட்ருமென்ட்:

தராசு சமாசாரம் மட்டும் சொல்றேன்.

3 தராசுல ஏதாவது ஒண்ணு தரையில குழி வச்சு உக்காருற பிளாட்ஃபார்ம்னா, குழி, கான்கிரீட், தண்ணி காட்டுறது எல்லாம் வரிசையாத்தான் நடக்கும். ஓபிசின்னு சொல்ற சாதாரண சிமென்ட்னா குறைஞ்சது 7 நாள், பிபிசி மாதிரி கலப்பு சிமென்ட்னா 10 நாள் நனைச்சு வைக்கணும்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456 சொல்லுது. தினமும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடத்தினா அது 4 நாள் ஆகிடாது. நவம்பர்ல குழியில தண்ணி நின்னா லோட் செல்லுக்கு (எடையை உணர்ற பாகம்) கேடு. வடிகால் இல்லாம குழி போடாதீங்க. முடிஞ்சா தரைக்கு மேல வைக்கிற டைப்பே வாங்கச் சொல்லுங்க.

இன்டிகேட்டர் (எடையைக் காட்டுற பெட்டி) ஆர்டர் போடும்போதே கேட்க வேண்டியது: டேட்டா அவுட் போர்ட் இருக்கா, கேபிள் இணைப்பு ஆர்எஸ் 232 வகையா, ஆர்எஸ் 485 வகையா, தொடர்ந்து எடையைத் துப்பிக்கிட்டே இருக்குமா, இல்ல பிரிண்ட் பட்டன் அழுத்தினா மட்டுமா, பாட் ரேட், அதாவது டேட்டா அனுப்புற வேகம், என்ன (9600 நிறைய இடத்துல இருக்கும், ஆனா நம்பிடாதீங்க), எடை ஆடுதா நின்னுடுச்சான்னு சொல்ற எழுத்து வரியில எந்த இடத்துல வருது. கடைசியா சொன்னதைக் கேட்காம விட்டா, மூட்டை ஆடிக்கிட்டிருக்கும்போது வந்த எடை சேவ் ஆகிடும். ஒரு மூட்டைக்கு அரை கிலோ இப்படி அப்படி ஆகும், ஏஜென்ட் சண்டைக்கு வருவார், உங்க ஆளு கோடுல பக் தேடிக்கிட்டிருப்பார்.

ஆர்எஸ் 232க்கு 15 மீட்டர்தான் கணக்கு. தராசு குடோன்ல, கம்ப்யூட்டர் ஆபீஸ்லன்னா 485 போங்க, இல்ல தராசுகிட்டயே ஈதர்நெட் கன்வெர்ட்டர் வைங்க. கேபிளை பைப்புக்குள்ள விடுங்க, குடோன்ல எலி இருக்கும். உடைப்பு நடக்கிற இடத்துல டச் ஸ்கிரீன் வைக்காதீங்க. கொட்டை ஓட்டுல இருக்கிற எண்ணெய் தோலையே அரிக்கும், அதுக்காகக் கையில சாம்பலோ எண்ணெயோ பூசிக்கிட்டுத்தான் வேலை பார்ப்பாங்க. அந்தக் கையால டச் எடுக்காது. பெரிய பட்டன் வச்ச கீபேட் போதும், மேல பிளாஸ்டிக் உறை.

இப்ப உங்க ஸ்பிரிண்ட் கேள்விக்கு. தராசையும் சாஃப்ட்வேரையும் ஒரே ஒரு பக்கத்தாளால பிரிச்சிடுங்க. தராசு அனுப்புற வரி இப்படி இருக்கும், எத்தனை எழுத்து, எந்த எழுத்து என்னன்னு அதுல இருக்கணும். அந்தத் தாள்ல ரெண்டு பக்கமும் கையெழுத்து, அதுக்கப்புறம் அது மாறாது. அது முடிஞ்ச அன்னைக்கே அதே வரியை அனுப்புற ஒரு சின்ன டம்மி புரோகிராம் எழுதி வச்சுக்குங்க. அதுல ஆடுற எடை, மைனஸ் எடை, கேபிள் பிடுங்கின மாதிரி அமைதி எல்லாம் வரணும். அதை வச்சு நீங்க எத்தனை ஸ்பிரிண்ட் வேணா ஓடுங்க, தராசு அதுபாட்டுக்கு அதோட வரிசையில வரும். நிஜ இன்டிகேட்டர் ஒண்ணு, லோட் செல்லோட, முதல் வாரமே உங்க மேஜை மேல இருந்தா இன்னும் நல்லது. சப்ளையர்கிட்ட டெமோ பீஸ் கேட்டா கொடுப்பாங்க.

முத்திரை போட்ட தராசுதானான்னும் பார்த்துக்குங்க. சீல் உடைச்சு போர்ட் எடுத்தா திரும்ப எடையளவுத் துறை முத்திரை வாங்கணும், அது உங்க பிளான்லயே இருக்காது.


காலாப்பட்டு_பேக்லாக்:

மேல எல்லாரும் சொன்னதை ஒத்துக்கிட்டு, ஸ்க்ரம் வச்சும் எப்படிக் கவிழும்னு சொல்றேன்.

ரொம்ப சாதாரணமா நடக்கிறது இது. ரெண்டு வார ஸ்பிரிண்ட்ல 8 நாள் கோடு, கடைசி 2 நாள் டெஸ்டர் தலையில மொத்தமும். அதுக்குப் பேர் அஜைல் இல்ல, ரெண்டு வார வாட்டர்ஃபால். உங்க டீம்ல டெஸ்டர் ஒருத்தர்தான், முதல் வாரம் சும்மா இருப்பார், பத்தாவது நாள் ராத்திரி வரை இருப்பார். ஸ்டோரியை (பட்டியல்ல இருக்கிற ஒரு வேலை) 2, 3 நாள்ல முடியுற அளவுக்கு வெட்டுங்க. “உரிப்புக் கூலி”ன்னு ஒரு ஸ்டோரி போட்டா அது ஸ்பிரிண்ட் முழுக்கத் திறந்தே கிடக்கும். “ஒருத்தருக்கு ஒரு எடுப்பு, ஒரு திருப்பு, முழுப்பருப்பு மட்டும், கூலிச் சீட்டு” இது ஒண்ணு. பாக்கி நிக்கிறது அடுத்தது. முன்பணம் பிடிக்கிறது அதுக்கடுத்தது. முடிஞ்சதுன்னா என்னன்னும் எழுதி ஒட்டிடுங்க: டெஸ்ட் ஆச்சு, யூனிட் கம்ப்யூட்டர்ல ஏறிச்சு, மேஸ்திரி கைப்பட ஒரு தடவை போட்டுப் பார்த்தார். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் பாயின்ட் (ஸ்டோரியோட அளவுக்கு டீம் போடுற எண்) பூஜ்யம். 90 சதவீதம் முடிஞ்சதுன்னு ஒரு கணக்கு கிடையாது.

பாயின்ட் எதுக்குன்னா இதுக்கு. மொத்தப் பட்டியல் 186 பாயின்ட்னு வைங்க. முதல் மூணு ஸ்பிரிண்ட்ல முடிஞ்சது 14, 19, 18. கூட்டினா 51, சராசரி 17. மீதி 135. 12ல கடைசி 2 ஓட்டிப் பார்க்கன்னு ஒதுக்கினதால கோடுக்கு இன்னும் 7தான் இருக்கு. 7 பெருக்கல் 17, 119. ஆக 16 பாயின்ட் தேதிக்குள்ள முடியாது. மெதுவான 14லயே போனா 98, அப்ப 37 முடியாது. இது தெரியுறது அக்டோபர் மூணாவது வாரம். அன்னைக்கே ஓனரோட உக்காந்து, 16 கண்டிப்பா வெளிய, அடுத்த 21 சந்தேகம்னு கோடு கிழிச்சிடணும். வாட்டர்ஃபால்ல இதே செய்தி டெஸ்டிங் தொடங்கின பிறகு, ஜனவரி கடைசியிலதான் வரும். அப்ப வெட்ட எதுவும் மிச்சமிருக்காது, எல்லாமே பாதி பாதியா முடிஞ்சிருக்கும்.

பாயின்ட்டை ஓனர்கிட்ட காட்டிப் பெருமைப்படாதீங்க. அடுத்த மாசம் “ஏன் 18தான், 25 ஆக்குங்க”ம்பார். டீமும் ஆக்கிடும், அதே ஸ்டோரிக்கு 3க்குப் பதிலா 5 போட்டு. ஓனருக்குக் காட்ட வேண்டியது பட்டியலும் கோடு எங்க விழுதுங்கிறதும் மட்டும்.

அப்புறம் ஜனவரியில பின்தங்கினா ரெண்டு ஃப்ரெஷர் போட்டு எழுப்பிடலாம்னு தோணும். பிந்தின சாஃப்ட்வேர் வேலையில ஆள் சேர்த்தா இன்னும் பிந்தும்னு பிரெட் புரூக்ஸ் 1975லயே சொல்லிட்டார். உரிப்புக் கணக்கை அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போறது யாரு? இப்ப வேலை பார்க்கிற அதே ஆள்தான்.


நெல்லிக்குப்பம்_கான்பான்:

5 பேருக்கு எதுக்குங்க இவ்வளவு? ஒரு வெள்ளை போர்டு, “செய்யணும், செய்யுறோம், டெஸ்ட், முடிஞ்சது”ன்னு நாலு கட்டம். “செய்யுறோம்”ல 4 சீட்டுக்கு மேல ஒட்டக்கூடாது, “டெஸ்ட்”ல 2. டெஸ்ட் கட்டம் நிரம்பினா டெவலப்பர் புதுசா எடுக்காம டெஸ்டருக்குக் கை கொடுக்கணும். வாரம் 5 சீட்டு முடியுது, கையில 10 திறந்திருக்குன்னா ஒரு சீட்டு முடிய சராசரியா 2 வாரம் ஆகும். கையில 5 வச்சா 1 வாரம். வேகம் அதேதான், ஆனா மேஸ்திரி கண்ணுக்குப் பாதி நாள்ல போகுது. ஸ்பிரிண்ட், பாயின்ட், ரெட்ரோ (ஸ்பிரிண்ட் முடிஞ்சதும் எது சரி, எது தப்புன்னு பேசுற கூட்டம்) எதுவும் வேண்டாம்.


காலாப்பட்டு_பேக்லாக்:

போர்டு சரி அண்ணே, கட்ட வரம்பும் சரி, ரெண்டையும் ஸ்பிரிண்ட்டுக்குள்ளயே வச்சுக்கலாம். ஆனா இங்க ஓனர் வேற ஊர்ல. தேதி குறிச்சு வைக்கலன்னா அவரும் வரமாட்டார், மேஸ்திரியும் நேரம் ஒதுக்கமாட்டார். ரெண்டு வாரத்துக்கு ஒருக்காங்கிற கட்டாயம் டீமுக்காக இல்ல, அவங்களுக்காக. ரெட்ரோவை அரை மணி நேரத்துல முடிச்சிடலாம். ஸ்க்ரம் கைடே ஒரு மாச ஸ்பிரிண்ட்டுக்குத்தான் 3 மணி நேரம்னு உச்ச வரம்பு வச்சிருக்கு, அதுக்கு மேல போகக்கூடாதுன்னு அர்த்தமே தவிர, அவ்வளவு நேரம் உக்காரணும்னு இல்ல.


லாஸ்பேட்டை_5பேர்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கல. தராசுத் தாளையும் ரெண்டு வார ஒப்பந்தத்தையும் இந்த வாரமே எழுதுறோம். இன்னும் ரெண்டு சந்தேகம். முடிவு சொல்ற ஆள் யாரா இருக்கணும்? ஓனர் பிஸி, அவர் பையன் சென்னையில இருந்து வாட்ஸ்அப்ல கருத்து அனுப்புறார், மேஸ்திரிக்கு கம்ப்யூட்டர் பழக்கமில்ல. பழைய நோட்டுல இருந்து மாறுற அந்தக் கடைசி 4 வாரத்தை எப்படி நடத்துறது?


தட்டாஞ்சாவடி_பிஎம்:

கணக்கு எப்படின்னு சொல்றது மேஸ்திரி. எது முதல்ல, எதை வெட்டுறதுன்னு சொல்றது ஓனர். ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட எதிர்பார்த்தா நடக்காது. மேஸ்திரி கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம், உங்க டெஸ்டர் பக்கத்துல உக்காந்து அவர் சொல்லச் சொல்ல அடிக்கட்டும், ரெண்டாவது மாசம் அவரே கீபேடை வாங்கிக்குவார். பையன் அனுப்புறதெல்லாம் பட்டியலோட அடியில போகும், ஓனர் மேல ஏத்தினாத்தான் மேல ஏறும். இதை முதல் நாளே பையனுக்கும் மரியாதையாச் சொல்லிடுங்க. வாட்ஸ்அப்ல வந்த எதுவும் அன்னைக்கு ராத்திரி பட்டியல்ல ஏறலன்னா அது கேட்டதாவே கணக்கு இல்ல. டெமோவை சனிக்கிழமை வைக்காதீங்க, கூலி நாள். செவ்வாய் காலை 11 மணி, யூனிட்லயே, 45 நிமிஷம். ஸ்லைடு வேண்டாம், போன வார நிஜச் சீட்டு நாலஞ்சைப் போட்டுக் காட்டுங்க.

மாறுறதுக்கு பிப்ரவரி நல்ல மாசம், குடோன்ல சரக்கு குறைவா இருக்கும், எண்ணுறது சுலபம். ஆரம்ப ஸ்டாக்கை நோட்டைப் பார்த்து ஏத்தாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மூட்டையை எண்ணி, டின்னை எண்ணி, டபிள்யூ 240, டபிள்யூ 320ன்னு தரவாரியா எழுதி, ஓனரும் மேஸ்திரியும் கையெழுத்துப் போட்ட தாளை ஏத்துங்க. நோட்டுக்கும் எண்ணினதுக்கும் வித்தியாசம் கண்டிப்பா வரும். அது பழைய வித்தியாசம். அன்னைக்கே எழுதி வாங்கலன்னா அடுத்த மாசம் உங்க சாஃப்ட்வேர் தின்ன கணக்காகிடும். வீட்டுல நிக்கிற பருப்பும், ஆளுக்கு ஆள் முன்பண பாக்கியும் தனித்தனித் தாள். அதை டைப் பண்ற வேலை யாருதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கட்டும், நூத்துக்கணக்குல பேர் வரும்.

நாலு சனிக்கிழமையும் கூலி நோட்டுலயும் போடணும், சிஸ்டத்துலயும் போடணும், பணம் நோட்டுப்படிதான் போகணும். ஒவ்வொரு பேருக்கும் வித்தியாசத்தை எடுத்து, நோட்டுல கூட்டல் தப்பா, சிஸ்டத்துல ரூல் தப்பா, என்ட்ரி விட்டுப்போச்சான்னு மூணா பிரிங்க. முதல் வாரம் நோட்டுத் தப்பும் நிறைய வரும், அதை மேஸ்திரிகிட்ட தனியாச் சொல்லுங்க, ஓனர் முன்னாடி வேண்டாம். ஓனர் முன்னாடி சொல்லிட்டீங்கன்னா மேஸ்திரி உங்க சிஸ்டத்தைத் தொடவே விடமாட்டார். அடுத்தடுத்து ரெண்டு சனிக்கிழமை கூலி ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போனா நோட்டை மூடலாம். ஸ்டாக்குக்கு ரூபாய் சுத்தம் கேட்காதீங்க, பருப்பு ஈரத்துக்கு ஏறும் இறங்கும். எத்தனை சதவீதம் வரை சரின்னு ஓனரே ஒரு எண்ணைச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும்.

நாலாவது சனிக்கிழமையும் ஒத்துப்போகலன்னா, கொள்முதல், ஸ்டாக், பில்லை மட்டும் மார்ச்ல திறந்துட்டு, கூலி நோட்டுலயே இன்னும் நாலு வாரம் போகட்டும். அப்படித் தனியாத் திறக்க முடியுற மாதிரிதான் ஆரம்பத்துலயே கட்டணும், அதைப் பட்டியல்ல இப்பவே ஒரு வரியா எழுதிடுங்க.

கரன்ட் போனா என்ன பண்றதுன்னு யாரும் கேட்கல. யூபிஎஸ் தாங்குற வரை தாங்கும். அதுக்கப்புறம் சீட்டு போட கார்பன் வச்ச கைச்சீட்டுப் புக் ரெண்டு தராசுகிட்டயே தொங்கணும், வரிசை எண் அச்சடிச்சு. கரன்ட் வந்ததும் அந்த எண்ணோடயே சிஸ்டத்துல ஏத்த ஒரு ஸ்கிரீன் வேணும், எண் விட்டுப்போனா சிவப்புல காட்டணும். 3 பாயின்ட் வேலைதான், முதல் குவியல்ல போடுங்க.